மழைக்கால முற்றத்தில் மண்புழுக்கள்: நாய்க்கும் பூனைக்கும் தீங்கில்லாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: குமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்து, ரப்பர்த் தோட்டச் சரிவின் அடியில் எங்கள் வீடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் முன்முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பதித்தோம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதிலிருந்து, விடியற்காலையில் கதவைத் திறந்தால் முற்றத்திலும் சிட்அவுட் படியிலும் மண்புழுக்கள் நெளிகின்றன. கல்லிடுக்குகளில் ஈரமண் சிறுசிறு குவியலாகத் தள்ளிக் கிடக்கிறது. அதில் கால்வைத்து மாமியார் வழுக்கி விழப் பார்த்தார். எங்களிடம் ஒரு லேப்ரடார் நாயும் ஒரு பூனையும் சில நாட்டுக்கோழிகளும் உண்டு. நாய் புழுக்களை நக்குகிறது, அவற்றின்மேல் புரள்கிறது. வாழைக்கு வாங்கிய குருணை மருந்தைத் தூவினால் ஒரே நாளில் ஒழிந்துவிடும் என்று அண்ணன் ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். உப்பைப் போடு, ஃபினாயில் ஊற்று, ரப்பர் பாலுக்கு ஊற்றும் ஆசிட்டைக் கலந்து தெளி என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முற்றத்தின் மேற்கு ஓரத்தில் எங்கள் மண்புழு உரத்தொட்டியும் இருக்கிறது. புழு வரவும் கூடாது, வளர்க்கும் உயிர்களுக்கு ஒன்றும் ஆகவும் கூடாது. என்ன செய்யலாம்? சில படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது அண்ணன் கொண்டுவந்து வைத்திருக்கும் பொட்டலம்தான். முற்றத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் அதன்மேல் கார்போபியூரான் என்ற பெயரைக் காண்கிறேன். தயவுசெய்து அதைப் பிரிக்காமல் ஒரு மூடியுள்ள டப்பாவில் வைத்து, நாயின் மூக்கும் குழந்தைகளின் கையும் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். வாழைக்கு வாங்கியது என்றால், பொட்டலத்தில் அச்சிட்டுள்ள முறைப்படி வாழைத்தோட்டத்தில் மட்டும் பயன்படட்டும். வீட்டு முற்றத்தில் தூவுவதற்கு அதற்கு அனுமதியும் இல்லை, நியாயமும் இல்லை.

கார்போபியூரான் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி சென்றவுடன் அந்தச் செய்தியை அழித்துவிடும் நொதி ஒன்று உடலில் உண்டு. இந்த நஞ்சு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், தசைகள் ஓயாமல் துடித்து, மூச்சுக்குழாயில் நீர் நிறைந்து, கடைசியில் மூச்சு நின்றுபோகிறது. மண்புழுவுக்கும் இதே கதிதான், நாய்க்கும் இதே கதிதான். நூறு கிராம் குருணையில் மூன்று கிராம்தான் நஞ்சு, மிச்சமெல்லாம் வெறும் மணல் போன்ற பொருள் என்று விற்பனையாளர்கள் சமாதானம் சொல்வதுண்டு. அந்த மூன்று கிராமின் வீரியம் எத்தகையது என்றால், பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு தேக்கரண்டி குருணையே உயிராபத்தை உண்டாக்கிவிடும். நாய் அதை அள்ளித் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. ஈரக் கல்லின்மேல் நடந்து, பாதத்தில் ஒட்டியதை நக்கினாலும் நோய் வரலாம். நஞ்சுண்டு மேலே வந்து துடிக்கும் புழுக்களைத் தின்றாலும் வரலாம். உங்கள் கோழிகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் பறவைகள் குருணையைத் தானியம் என்றே கொத்துகின்றன. சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை ஒன்றைக் கொல்ல ஒரே ஒரு குருணை போதும். இப்படிப் பறவைகள் மடிந்ததால்தான் அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலேயே இதன் குருணை வடிவைப் படிப்படியாக விலக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் தொடங்கும் கேரளத்தில் 2011-லேயே இதற்குத் தடை வந்துவிட்டது. வாழைக்குழியில் முன்பு தாராளமாகப் போட்டுவந்த மற்றொரு குருணையான போரேட், 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி 2020 டிசம்பர் 31-உடன் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. பழைய சரக்கு வீட்டுச் சாய்ப்பில் எங்காவது கிடக்கிறதா என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. குமரி மாவட்டத்தின் மலையோரத்தில் பெரும்பாலான வீடுகளில் கிணறு முற்றத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். கார்போபியூரான் நீரில் கரைந்து மண்ணுக்குள் எளிதாக இறங்கக்கூடியது. இந்த மழையில் முற்றத்தில் தூவியது முற்றத்தில் நிற்காது. கல்லிடுக்கு வழியாக இறங்கிக் கிணற்று ஊற்றை நோக்கித்தான் போகும்.

எச்சரிக்கையையும் மீறி யாராவது தூவிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாய் வாயிலிருந்து நீர் வடிய நிற்பது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, வாந்தி, பேதி, தன்னையறியாமல் சிறுநீர் கழிப்பது, தசை நடுங்குவது ஆகியவை அரைமணி முதல் சில மணி நேரத்துக்குள் தெரியும். இதற்கு மாற்றுமருந்து உண்டு. அட்ரோபின் ஊசியைக் காலத்தோடு போட்டால் பல நாய்களைக் காப்பாற்றலாம். ஆகவே வீட்டில் புளிக்கரைசலும் முட்டையும் எண்ணெயும் கொடுத்து நேரத்தைக் கழிக்காதீர்கள். குறிப்பாக, வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலைப் புகட்டாதீர்கள். நஞ்சோடு உப்பும் சேர்ந்து நாயைக் கொன்றுவிடும். உறையணிந்த கையால் பாதங்களையும் உரோமத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு விரையுங்கள். பொட்டலம் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அக்கம்பக்கத்தார் சொன்ன வழிகள். உப்புப் பட்ட புழு நீரை இழந்து சாகும் என்பது உண்மைதான். ஆனால் குமரி மழையில் போட்ட உப்பு அன்றே கரைந்து ஓடிவிடும், மறுநாள் மீண்டும் போட வேண்டும், போடப் போட இன்டர்லாக் கல்லின்மேல் வெள்ளை பூத்து, ஓரத்துச் செடிகள் கருகும். நாயும் பூனையும் உப்பு படிந்த பாதத்தை நக்கும். தேங்கிய உப்புநீரையும் குடிக்கும். உப்பு மிகுந்தால் நாய்க்கு வாந்தியும் தள்ளாட்டமும் வலிப்பும் வரக்கூடும்.

ஃபினாயில் விஷயத்தில் நாயைவிடப் பூனைக்காகத்தான் நான் அஞ்சுகிறேன். பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் மற்ற விலங்குகளின் ஈரலுக்கு இருக்கும் அளவுக்குப் பூனையின் ஈரலுக்கு இல்லை. தவிரவும் பூனை நாளெல்லாம் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. ஃபினாயில் ஊற்றிய தரையில் படுத்தெழுந்த பூனை, உடலில் பட்டதையெல்லாம் நாக்கால் உள்ளே கொண்டுபோகிறது. வாயில் புண், சோறு இறங்காமை, ஈரல் கோளாறு என்று வரும் பூனைகளை வளர்ப்போரிடம் நாங்கள் முதலில் கேட்டறிவது தரை துடைக்கும் மருந்தைப் பற்றித்தான். அந்துருண்டையை முற்றத்து மூலைகளில் போடச் சொல்வாரும் உண்டு. அதுவும் பூனைக்கு ஆகாது, நாய்க்கும் ஆகாது.

ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தை முற்றத்தில் தெளிப்பது பற்றி நான் எழுத நேரும் என்று நினைத்ததில்லை. ரப்பர் உள்ள வீட்டில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இந்த யோசனை வருகிறது போலும். நீர்த்த நிலையிலும் அது பாதத்தின் மென்தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நாக்கும் தொண்டையும் வெந்துபோகும், சிமென்ட் கல்லையும் அரிக்கும். நாய் அமிலத்தை நக்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது ஒருமுறை சுட்டது, ஏறும்போது இன்னொருமுறை சுடும். சுட்ட சுண்ணாம்பையும் பிளீச்சிங் பவுடரையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கை வழி என்ற பெயரில் புண்ணாக்குகளைச் சொல்வார்கள்; இதில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினால் மண்புழு மேலே வந்துவிடும் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரிந்ததே. அதிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் புழுவின் தோலை எரிப்பதால் அது மண்ணைவிட்டு வெளியேறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் கோல்ஃப் மைதானங்களில் புழுவை அகற்றுவதற்காக இந்தப் புண்ணாக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. ஆக, வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது செய்யும் வேலை புழுவை மேலே கொண்டுவருவதுதான், வராமல் தடுப்பது அன்று. முற்றத்தில் ஊற்றினால் இருபது புழு இருந்த இடத்தில் இருநூறு நெளியும். கடுகுத்தூளைக் கரைத்து ஊற்றுவதும் இவ்வாறே. மண்ணில் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆய்வாளர்கள் கையாளும் முறை அது. மேலும், குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்ல மீன் வளர்ப்போர் போடுவதும் இதே இலுப்பைப் புண்ணாக்குதான். முற்றத்துத் தண்ணீர் குளத்திலோ கால்வாயிலோ சேர்கிற வீட்டில் அதை ஊற்றக்கூடாது. ஆமணக்குப் புண்ணாக்கு இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. அதன் மணத்துக்கு நாய் ஆசையோடு வந்து தின்னும். அதில் எஞ்சியிருக்கும் ரிசின் என்ற நஞ்சு குடலை அரித்து இரத்தப்பேதியில் கொண்டுபோய் விடும். ரோஜாத்தொட்டிக்குப் போட்ட ஆமணக்குப் புண்ணாக்கைத் தோண்டித் தின்று நாய் சாவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. வெங்காயம், பூண்டு அரைத்துத் தெளிப்பதையும் விட்டுவிடுங்கள்; இரண்டும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை.

இவ்வளவையும் விலக்கிய பிறகு மிஞ்சுவது தண்ணீர், இடுக்கு, குப்பை ஆகிய மூன்றையும் சரிசெய்வதுதான். அதற்குப் புழு ஏன் வருகிறது என்று தெரிய வேண்டும்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத்தோலால் மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சில்லை. வெயில் நாளில் அதனால் திறந்த கல்தளத்தைக் கடக்க முடியாது. மழையில் கல் முழுவதும் ஈரமானால் அதற்குப் பாதை திறந்துவிடுகிறது. மண்ணில் நீர் நிறைந்து காற்று குறைவதும் அதை மேலே தள்ளுகிறது. ஒளி படாத இரவில் கிளம்பி, விடிந்தபின் திரும்ப இறங்க மண் கிடைக்காமல் உங்கள் படியில் மாட்டிக்கொள்கிறது. உங்கள் வீட்டில் இது மற்ற வீடுகளைவிட மிகுதியாக இருப்பதற்குக் காரணங்களைப் படங்களிலேயே பார்க்கிறேன். மேலே ரப்பர்த் தோட்டம், அடுக்கடுக்காக இலைச்சருகு, அந்த நிழலான ஈரமண் புழுக்களுக்கு மிகவும் உவப்பானது. மேற்குத் தொடர்ச்சி மலையோர ரப்பர்த் தோட்டங்களில் இன்று பெருகிக் கிடப்பது பெரும்பாலும் பொன்டோஸ்கோலெக்ஸ் கோரத்துரூரஸ் என்ற வகை. அது நம் மண்ணின் பிள்ளை இல்லை, தென்னமெரிக்காவிலிருந்து செடிகளின் வேர்மண்ணோடு உலகெங்கும் பரவியது. மண்ணுக்குள் தங்கி மண்ணையே தின்று வாழ்வதால், கல்லிடுக்கில் ஈரமண்ணைத் தள்ளிவைப்பது அனேகமாக அதன் வேலையாகத்தான் இருக்கும்.

படிமேல் ஏறும் புழுக்கள் வேறு இடத்திலிருந்து வருகின்றன என்பது என் எண்ணம். அவற்றின் திரட்சியையும் மினுமினுக்கும் கருஞ்சிவப்பையும் பார்த்தால் அவை உங்கள் உரத்தொட்டியில் விட்ட ஆப்பிரிக்கப் புழுக்களையே ஒத்திருக்கின்றன. எருக்குவியலில் வாழும் பெரியோனிக்ஸ் வகையும் ஆப்பிரிக்க வகையும், தொட்டியில் நீர் மிகுந்தாலோ தீனி தீர்ந்தாலோ மழையிரவுகளில் கூட்டமாகச் சுவரேறி வெளியேறும் பழக்கமுடையவை. இதை நீங்களே உறுதிசெய்து பார்க்கலாம். நல்ல மழை பெய்கிற ஓர் இரவில், ஒன்பது பத்து மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு தொட்டியின் வெளிச்சுவரைப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் புழு பின்வாங்கும் என்பதால் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பொளி அதற்கு அவ்வளவாக உறைப்பதில்லை. சுவரில் புழு ஏறுவதைக் கண்டால் உங்கள் தொல்லையில் பாதிக்குத் தொட்டியே காரணம் என்று கொள்ளலாம்.

அப்படியானால் இந்த மழைக்காலத்திலேயே செய்யக்கூடிய முதல் வேலை தொட்டியைச் சீராக்குவது. மழைநீர் உள்ளே விழாதபடி இருபுறமும் நன்றாக இறங்கிய கூரை போடுங்கள். அடியில் வடிதுளை அடைத்திருந்தால் திறந்துவிட்டு, துளையின் உட்புறம் கொசுவலைக் கம்பி வையுங்கள். ஈரம் சரியா என்பதற்குக் கையளவு எருவை எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் போதும். ஒழுகினால் தண்ணீர் மிகுதி, காய்ந்த ஓலையோ கிழித்த அட்டையோ சேர்த்துக் கிளறிவிடுங்கள். மழை இரவுகளில் தொட்டியின்மேல் ஒரு சிறு வெள்ளை விளக்கை எரியவிட்டால் புழு தொட்டியைவிட்டு வெளியேறாது. உரம் தயாரிப்போர் நெடுங்காலமாகச் செய்துவரும் எளிய உபாயம் இது. மின்கம்பியை மழை படாமல் இழுப்பது மட்டும் மின்பணியாளரின் பொறுப்பு.

விடியற்காலையில் நாயை அவிழ்ப்பதற்கு முன் முற்றத்தைக் கூட்டிவிடுங்கள். ஈர்க்குமாறு கொண்டு புழுக்களை மெதுவாக முறத்தில் தள்ளி, வாழையடியிலோ தென்னைப்பாத்தியிலோ போடலாம். தொட்டிப் புழுவைத் தொட்டியிலேயே விடலாம். கல்லின்மேல் தள்ளிய ஈரமண்ணை மட்டும் அப்போதே தேய்க்காதீர்கள். ஈரத்தில் தேய்த்தால் சேறாகப் பரவி இன்னும் வழுக்கும், கல்லில் கறையாகவும் பிடிக்கும். ஓரளவு காய்ந்தபின் விறைப்பான துடைப்பத்தால் தட்டினால் பொடியாக உதிர்ந்துவிடும். அதுவரை மாமியார் நடக்கும் பாதையில் ஒரு கயிற்றுப்பாய் விரித்து வையுங்கள், ஆனால் இரவில் எடுத்துவிடுங்கள். ஈரப்பாயின் அடி புழு ஒதுங்கும் இடமாகிவிடும். பூந்தொட்டிகளுக்கும் இதே காரணத்துக்காகக் கால்வைத்த தாங்கி வேண்டும். படத்தில் ஐந்தாறு தொட்டிகள் நேரே கல்லின்மேல் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் அடியில் எந்நேரமும் ஈரமும் இருட்டும் இருக்கும். முற்றத்தின்மேல் கவிந்திருக்கும் பலாவின் சருகை வாரம் ஒருமுறையாவது வாரிவிடுங்கள். செடிகளுக்குத் தண்ணீர் விடுவது மழையில்லாத நாள்களில் காலையில் இருக்கட்டும். மாலையில் விட்டால் இரவு முழுவதும் கல் காயாது.

உண்மையான தீர்வு மாசி, பங்குனியில் கொத்தனாரை அழைத்துச் செய்ய வேண்டியது. உங்கள் முற்றம் சரிவின் அடியில் இருப்பதால், தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் கல்லுக்கு அடியில் புகுந்து போகிறது. தோட்டத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே, மேல்புற ஓரம் முழுவதும் ஓரடி அகலம், ஓரடி முதல் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு சால் எடுக்கச் சொல்லுங்கள். அதன் அடியில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, மண்சேராத முக்கால் அங்குல ஜல்லியால் நிரப்பி, குழாயின் வாயை வீட்டுக்கும் கிணற்றுக்கும் அப்பால் கொண்டுபோய் விடட்டும். இதனால் இரண்டு பயன்கள். தண்ணீர் முற்றத்துக்கு வராமல் திரும்பும். புழுவும் வராது, ஏனெனில் மண்ணில்லாத கூரிய ஜல்லிக்குள் அதற்கு வளை தோண்ட வழியில்லை, மேற்பரப்பும் மழைவிட்ட சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஜல்லியின்மேல் படியும் சருகையும் மண்ணையும் நீக்க வேண்டும். மண் நிறைந்த ஜல்லிச்சால் புழுவுக்குப் புதுவீடு.

கல் பதித்த விதத்திலும் எனக்கு ஐயம் இருக்கிறது. இடுக்குகளில் புழு இத்தனை மண் தள்ளுகிறது என்றால், கல்லின் அடியில் பாறைப்பொடிக்குப் பதில் செம்மண்ணைப் பரப்பியிருக்கலாம், அல்லது இட்ட மணல் மழையில் அரித்துப்போய் மண் ஏறியிருக்கலாம். ஓரிடத்தில் நாலைந்து கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செம்மண்ணாக இருந்தால், செலவானாலும் எடுத்துவிட்டு, இறுக்கிய ஜல்லித் தளத்தின்மேல் ஓர் அங்குல அளவுக்குப் பாறைப்பொடி பரப்பி மீண்டும் பதிப்பதே நல்லது. அடிமண் சரியாக இருந்தால் இடுக்கை மட்டும் சுரண்டி, கரடான எம்-சாண்டைக் காய்ந்த நிலையில் தூவிக் கூட்டி நிரப்பினால் போதும். இடுக்கைச் சிமென்ட் குழம்பால் பூசிவிடலாம் என்று சில கொத்தனார்கள் சொல்வார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். இன்டர்லாக் கல் அசைந்துகொடுக்கும்படி அமைந்தது, பூச்சு ஓரிரு ஆண்டில் வெடிக்கும், வெடிப்பில் மண்ணும் புழுவும் மறுபடி சேரும். மீண்டும் பதிக்கும்போது, மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் சாய்வு வீட்டிலிருந்து வெளிநோக்கி இருக்கிறதா என்று மட்டக்கட்டையால் பார்த்துவிடச் சொல்லுங்கள். கூரையிலிருந்து வழியும் தண்ணீர் நேரே முற்றத்தில் விழாமல் குழாயில் இறங்கட்டும்.

மழைநீர் தேங்காத முற்றத்தால் உங்கள் நாய்க்கு வேறொரு நன்மையும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் பரவும் எலிக்காய்ச்சல், மழைக்காலத்தில் கேரள எல்லையின் இருபுறமும் மனிதருக்கும் நாய்க்கும் வருவது. நாய்க்கு ஆண்டுதோறும் போட வேண்டிய அதற்கான தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள்.

நாய் புழுவை நக்குவது, தின்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மண்புழுவே நாயின் வயிற்றில் குடற்புழுவாக மாறிவிடாது. இரண்டும் வேறுவேறு உயிர்கள். ஒன்றிரண்டைத் தின்ற நாய் வாந்தி எடுக்கலாம், அதோடு சரி. ஆனால் மண்ணில் கிடக்கும் உருண்டைப்புழுவின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் மண்புழு தன் உடலில் சுமந்திருக்கக்கூடும். அதனால் நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்கேற்ற குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவாருங்கள். புழுவின்மேல் நாய் புரள்வது அதன் இயல்பு, குளிப்பாட்டினால் போதும். கோழிகளைத்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். கோழிக்கு வரும் நாடாப்புழுக்களில் ஒருவகைக்கு மண்புழுவே இடைநிலை ஓம்புயிர், அதாவது கோழிக்குள் போகும்முன் அது தங்கி வளரும் உயிர். கோழியின் மூச்சுக்குழாய்ப் புழுவும் மண்புழு வழியாக வரலாம். முற்றத்துப் புழுவைத் தின்று தீர்க்கட்டும் என்று கோழியைத் திறந்துவிடுவது பலரது பழக்கம், நானும் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாய் பிளந்து மூச்சுவாங்கும் குஞ்சோ, தீனி தின்றும் மெலியும் கோழியோ கண்டால், எச்சத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள்.

நீங்கள் அனுப்பிய கடைசி இரண்டு படங்களில் இருப்பவை மண்புழுக்கள் அல்ல. பூந்தொட்டிக்கு அடியில் எடுத்த, கருத்து மெலிந்த, வளையக் கோடுகள் இல்லாமல் மினுங்குவது புழுப்பாம்பு. எறும்பு முட்டையும் கறையானும் தின்று மண்ணில் வாழும் அந்தச் சிறு பாம்பு நஞ்சற்றது, நாயையோ உங்களையோ கடித்துத் தீங்கு செய்ய அதனால் இயலாது. முறத்தில் ஏற்றித் தோட்டத்தில் விட்டுவிடலாம். மற்றொன்று, தலை விசிறிபோல் அகன்று, உடல் நெடுக வரியோடு, நடந்த இடமெல்லாம் பசையாக இழுத்துச் செல்வது, தட்டைப்புழு. அது மண்புழுவைப் பிடித்துத் தின்னும் இனம். அதன் உறவுக்காரர்கள் சிலவற்றின் உடலில் நஞ்சு இருப்பதால் கையால் தொடாமலும் நாயை நக்கவிடாமலும் குச்சியால் எடுத்து அகற்றிவிடுங்கள். நாய் அதை வாயில் கவ்வியிருந்தால் வாயை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, வாந்தியோ தள்ளாட்டமோ வருகிறதா என்று அன்று முழுவதும் கவனியுங்கள்.

இத்தனையும் செய்தபின்னும் ஐப்பசி, கார்த்திகைத் துலாமழையில் நாலைந்து புழுக்கள் படிக்கு வரத்தான் செய்யும். மேலே ரப்பர்த் தோட்டமும் கீழே வீடும் இருக்கும்வரை அது தவிராது. அவற்றைக் கூட்டி வாழையடியில் போட்டுக்கொள்ளலாம். உரத்தொட்டியை முற்றத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கூரையும் விளக்கும் போட்ட பிறகும் ஒரு மழைக்காலம் முழுவதும் படியில் அதே கருஞ்சிவப்புப் புழுக்கள் தென்பட்டால், தொட்டியைக் கிணற்றுக்கு எதிர்ப்புறம், மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். படத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது, சாணம் சுமக்கும் தூரமும் குறையும்.